முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு: சிவப்புப் பொட்டு வைத்த சுவரைப் பார்த்த கதை

முதுநகர்வாழ் பெருமக்களுக்கும், இந்த வலைப்பூவை வாசிக்கும் ஏழு பேருக்கும் (அதில் இரண்டு பேர் நானே) அறிவிப்பது என்னவென்றால்: என் நெற்றியின் இடது பக்கத்தில் சில வாரங்களாக முகாமிட்டிருந்த பிளாஸ்திரி, இன்று காலை குடும்பத்தார் முன்னிலையில் எந்த அசம்பாவிதமும் இன்றி அகற்றப்பட்டது. பொதுமக்கள் அமைதி காக்கவும். பட்டாசு வேண்டாம்.

அந்தப் பிளாஸ்திரி சிதம்பரப் பயணத்தில் எனக்குக் கிடைத்த வீரப் பதக்கம். எப்படிக் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஏன் போனோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நடராஜரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நூறு பேர் வழி சொல்வார்கள். ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

அப்பாவுக்குக் குடலிறக்கம். குடல் இறங்கியது, நாங்கள் பஸ் ஏறினோம். இது 2009 ஏப்ரல் மாதம். அப்பா துறைமுகத்தில் விசைப்படகில் வேலை செய்கிறார். கயிறு இழுக்கிற கை. இரண்டு வருடம் முன்பு வலது பக்கம் இதே மாதிரி இறங்கி, வேறொரு ஊரில் (பெயர் வேண்டாம்) ஆபரேஷன் செய்தார்கள். கத்தி நன்றாகத்தான் வேலை செய்தது. காயம்தான் சீழ் பிடித்துவிட்டது. தினமும் கட்டுப் பிரித்துக் கட்டினார்கள். வீடெல்லாம் அந்த வாடை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கிளம்பியபோது அப்பா பாயில் கிடந்தார். அவர் இடத்தில் வேறொரு ஆள் ஏறிக்கொண்டான். அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க அடுத்த வருடம் ஆனது.

இந்த வருடம் இடது பக்கம். மீன்பிடித் தடை நாற்பத்தைந்து நாள். அதன் தொடக்கத்திலேயே கீறி, தைத்து, ஆறவிட்டு, படகு கிளம்பும்போது கூடவே கிளம்பிவிட வேண்டும். காயம் சுத்தமாக ஆறினால் கடல், சீழ் பிடித்தால் கரை. "இன்னொருவாட்டி எடம் காத்துக்கிட்டு இருக்காது" என்று படகு முதலாளி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

காயம் கெடாமல் பார்த்துக்கொள்கிற ஆஸ்பத்திரி ஒன்று சிதம்பரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் வேலு மாமா, என் அம்மாவின் தம்பி. அப்பாவும் மாமாவும் ஒருமுறை போய், ரத்தம், சக்கரை எல்லாம் சோதித்துத் தேதி வாங்கி வந்தார்கள். அப்போது எனக்குப் பரீட்சை. ஆபரேஷன் பயணத்தில்தான் நான் சேர்ந்தேன். மூட்டை தூக்குவதற்கு என்று வீட்டில் சொன்னார்கள். பாதுகாப்பு அதிகாரி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அகல ரயில் பாதை வேலை நடப்பதால் ரயில் கிடையாது. முதுநகரில் காலை ஐந்தரைக்கு பஸ். தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதினான்கு ரூபாய். ஜன்னல் சீட்டு வேண்டுமென்றால் வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் அடிக்காது. செம்மங்குப்பம் வந்ததும் ரசாயனத் தொழிற்சாலைகளின் வாடை பஸ்ஸில் ஏறிக்கொண்டது. கண்டக்டரிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்த நாத்தத்துக்கும் சேத்துதான் பதினாலா?"

"நாத்தம் ஃப்ரீ தம்பி. ஆலப்பாக்கம் வரைக்கும் கூடவே வரும். எறங்கச் சொன்னாலும் எறங்காது."

அப்பா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் இறுகியிருந்தது. அதை மாற்றுவதற்காக மாமா மீது கைவைத்தேன். மாமாவின் மீசை எங்கள் தெருவிலேயே பெரியது. அதற்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலிருக்கும்.

"மாமா, அந்த ஆஸ்பத்திரில புது ரூல் தெரியுமா? பேஷண்டுகூட வர்றவங்க மீசைய எடுத்துரணுமாம். அதுல கிருமி குடும்பம் நடத்துதாம்."

"போடா. போனவாட்டி ஒண்ணும் சொல்லலியே."

"போனவாட்டி டெஸ்ட்டு. இப்ப ஆபரேஷன்."

மாமா வெளியே பார்த்தார். பரங்கிப்பேட்டை பிரியும் முட்லூர் விலக்கில் மீண்டும் என்னைப் பார்த்தார். வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே சுற்றிக்கொண்டார். அப்பா அப்போது லேசாகச் சிரித்தார். எனக்கு அது போதும்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "கோயிலா, ஆஸ்பத்திரியா? கோயிலுன்னா இருவது, ஆஸ்பத்திரின்னா இருவத்தஞ்சு" என்றார் ஒருவர்.

"அது என்னா அஞ்சு ரூவா ஜாஸ்தி?" என்றார் மாமா, துண்டுக்குள்ளிருந்து.

"கோயிலுக்குப் போறவரு அரை மணியில திரும்பி வருவாரு, மறுபடியும் சவாரி. உங்கள உள்ள வுட்டா எப்ப வருவீங்களோ?"

வார்டு வாசலில் முதல் அதிசயம். சுவரில் ஒரு பாட்டில், அதை அழுத்தினால் கையில் ஒரு மருந்துத் தண்ணீர். நான் கண்டுகொள்ளாமல் நுழைந்தேன். "தம்பி, கை" என்று ஒரு குரல். நர்ஸ் இல்லை, தரை துடைக்கிற அம்மா. தேய்த்துக்கொண்டேன். மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினேன். "தம்பி, கை." இந்த முறை பக்கத்துக் கட்டில் தாத்தாவைப் பார்க்க வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பாப்பா. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று டாக்டர்கள் கூட்டத்தோடு கூட்டமாக ஒட்டிக்கொண்டு நழுவினேன். கூட்டம் நின்றது. ஒவ்வொருவராகக் கை தேய்த்தார்கள். கடைசியில் நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் கை கழுவுகிறார்கள், யாரையும் கைகழுவிவிடுவதில்லை. (இந்த வரிக்குக் கைதட்டலாம். கழுவிய கையால்.)

வார்டுப் பொறுப்பில் இருந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். ஒல்லியான உருவம், வேகமான நடை. மாமா துண்டை இறக்காமல் அவரிடம் போய், "சிஸ்டர், மீசைய இங்கியே எடுப்பீங்களா, வெளிய கடையில எடுத்துக்கிட்டு வரணுமா?" என்று கேட்டார்.

"மீசையா? யாரு சொன்னது?"

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் மெதுவாக பாத்ரூம் பக்கம் திரும்பினேன். பின்னந்தலையில் விழுந்த அடியைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

சிரிப்பு அதோடு முடிந்தது. அப்பாவைத் தயார்செய்ய சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு உள்ளே போனார். வெளியே நாங்கள். பிறகு சிஸ்டரின் குரல்.

"ஐயா, பிளேடு போட்டீங்களா?"

கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது.

"போனவாட்டியே சொன்னேன்ல, எதையும் மழிக்காதீங்கன்னு? தலைய ஆட்டுனீங்களே?"

"ஆட்டுனேம்மா." அப்பாவின் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அவ்வளவு சின்னதாக. "முன்ன பண்ண எடத்துல, ஒரு ஆளு வந்து நாலு பேரு பாக்க அங்க மழிச்சுவுட்டான். மானமே போச்சு. அதான் இந்தவாட்டி நேத்து சாயங்காலம் நானே வூட்டுல... ரெண்டு மூணு எடத்துல கீறிடுச்சு. ஒண்ணும் இல்லம்மா, காஞ்சிடுச்சு."

சிஸ்டர் வெளியே வந்து டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் தொப்பி, பச்சை உடையோடு வந்தார். தியேட்டர் தயாராக இருந்தது.

"சார், இன்னிக்கு வேணாம். கீறல் இருக்கு."

டாக்டர் திரைக்குள் போய்ப் பார்த்தார். வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். "சரி சிஸ்டர், வேணாம். ஒரு வாரம் போகட்டும். நல்லவேளை பாத்தீங்க" என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் போர்டில் செய்த தப்பை ஒருமுறை நான் சுட்டிக்காட்டினேன். மீதிக் கணக்கை வெளியே முட்டி போட்டுக்கொண்டு படித்தேன். இங்கே கத்தி பிடிக்கிற டாக்டர், கத்தாமல், நல்லவேளை என்கிறார்.

அப்பாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஒரு வாரம் தள்ளுனா எனக்கு ஒரு வாரம் போவுது சார். சின்னக் கீறல். கடல்ல எத்தினி கீறல் பட்டுருக்கேன்! கீறுங்க சார், நான் தாங்கிக்குவேன்." மாமாவும் சேர்ந்துகொண்டார். "அவரு சொல்றது ஞாயந்தானே சார்? பொழப்பு சார்."

டாக்டர் அப்பாவின் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "நீங்க தாங்கிக்குவீங்க. பிரச்சினை உங்களுக்கு இல்ல. உள்ள ஒரு சின்ன வலை வச்சுத் தைக்கப்போறேன், குடல் மறுபடி எறங்காம."

அப்பா நிமிர்ந்தார். "வலையா? கண்ணு என்னா அளவு சார்?"

டாக்டர் சிரிக்காமல் விரல் நகத்தில் காட்டினார். "கொசுவலைய விடக் கொஞ்சம் பெருசு."

"அதுல என்னா மாட்டும்?"

"அதான் சொல்ல வந்தேன். பிளேடு கீறுன எடத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியேறும். அதுக்கு மேலயே நான் கத்தி வச்சா, அதெல்லாம் உள்ள போய் இந்த வலையில மாட்டும். மாட்டுனா மருந்துக்கு அடங்காது. வலையையே வெளிய எடுக்கணும். உங்களுக்கு வலை தெரியும், எனக்கு வெட்டத் தெரியும். ஒரு வாரம் விட்டுக் குடுங்க."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. டாக்டர் எழுந்து, "நடக்க முடியும்ல? வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்றார்.

அங்கேதான் அந்தச் சுவர். சிதம்பரம் ரகசியத்துக்குப் பேர்போன ஊர். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் இந்த ஊரின் பெருமையே. அந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி, திரையே இல்லாமல், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கிற நடைபாதையில், தன் தோல்விகளை மாட்டி வைத்திருக்கிறது. பெரிய வெள்ளைத் தாள், மாத வாரியாகக் கட்டங்கள். கட்டங்களுக்குள் சிவப்புப் பொட்டுகள். ஒரு பொட்டு என்றால், அந்த மாதம் இங்கே ஆபரேஷன் செய்து காயம் சீழ் பிடித்த ஒரு நோயாளி. பழைய மாதங்களில் அம்மை போட்டது போல நெருக்கமாக இருந்தன. வர வரக் குறைந்து, சமீபத்துக் கட்டங்களில் சில வெறுமையாக இருந்தன. இடையில் ஒரு மாதம் மட்டும் மறுபடி கூடியிருந்தது. அதை யாரும் அழித்து அழகுபடுத்தவில்லை.

என் முன்னேற்ற அறிக்கையை அப்பா கண்ணில் படாமல் மூன்று நாள் அரிசிப் பானைக்குள் வைத்தவன் நான். இவர்கள் ஃபெயில் மார்க்கை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

டாக்டர் ஒரு பொட்டின் மேல் விரலை வைத்தார். "இது நான் பண்ண ஆபரேஷன். இவரும் வீட்டுலயே நல்லா சவரம் பண்ணிக்கிட்டு வந்தாரு. எனக்குத் தெரியும். அவசரம்னாரு, சரின்னுட்டேன். ரொம்ப நாள் கஷ்டப்பட்டாரு." விரலை எடுத்தார். "அதுக்கப்புறம்தான் உக்காந்து யோசிச்சோம். ஒவ்வொரு பொட்டையும் எடுத்து, எங்க தப்பு, எதை மாத்தலாம்னு. பிளேடை நிறுத்தினோம். முடி இடைஞ்சலா இருந்தா மட்டும் காலையில மெஷின்ல வெட்டுறோம். யாரு வேணும்னாலும் என்னை நிறுத்தலாம்னு வச்சோம்."

அப்பா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஆளுக்கு என்னா வேல சார்?"

"கொத்தனாரு."

"மறுபடியும் வேலைக்குப் போனாரா?"

"போனாரு. லேட்டா போனாரு."

அப்பா தலையாட்டினார். இது சிஸ்டரிடம் ஆட்டிய மாதிரித் தலையாட்டல் இல்லை. "மச்சான், மூட்டையக் கட்டு. அடுத்த வாரம் வரலாம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம், நின்றபடி வந்தோம். செம்மங்குப்பத்தில் நாற்றம் ஏறியபோது மாமா துண்டை மறுபடி மூக்கில் சுற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, பிளேடை எடுத்து அடுப்புச் சாம்பலில் புதைத்தது. அந்த வாரம் முழுவதும் தாடியோடு திரிந்தார். தாடிக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னேன். "நீ சொன்னா மீசையே போயிடும். வாய மூடு" என்றார் மாமா.

அடுத்த வாரம் அதே பஸ், அதே பதினான்கு ரூபாய். முந்தின இரவும் காலையிலும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனார் அப்பா. ஸ்டெல்லா சிஸ்டர் திரைக்குள் பார்த்துவிட்டு, "இப்பதான் நல்ல புள்ள" என்றார். அப்பாவுக்கு வயது நாற்பத்தாறு.

தியேட்டருக்குள் நான் போகவில்லை. ஆனால் அப்பாவுக்கு முதுகில்தான் மயக்க ஊசி, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும். ஆகவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கத்தி வக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் நின்னுட்டாங்கடா. டாக்டரு, மயக்க டாக்டரு, நர்சுங்க, எல்லாரும். எம்பேரச் சொன்னாங்க, எந்தப் பக்கம்னு சொன்னாங்க. 'ஆன்டிபயாடிக் ஊசி போட்டாச்சா, எப்ப போட்டது?'ன்னு ஒருத்தரு கேக்க, ஒருத்தரு நேரத்தச் சொன்னாரு. கத்தி படும்போது மருந்து ரத்தத்துல ஓடிக்கிட்டு இருக்கணுமாம். அப்ப ஒரு அமைதி பாரு. வல வுடறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க தண்ணியப் பாத்துக்கிட்டு ஒரு மூச்சு நிப்பாங்களே, அதேதான். நடுவுல எவரோ கதவத் தொறந்து எதுக்கோ தலைய நீட்டுனாரு. 'கதவு'ன்னாரு டாக்டரு. அவ்ளோதான், சாத்திட்டாரு. எனக்கு ஏதோ நம்ம படகுல படுத்துருக்கற மாரி இருந்துச்சு."

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கோயில் கோபுரம் அந்த வார்டு ஜன்னலில் தெரியும். அதை யார் கட்டினார்கள் என்று ஊரே பேசுகிறது. ஒரு கொத்தனாரின் காயத்துக்காக இத்தனை பேர் கூடி யோசித்து, கதவைச் சாத்தவும் கையைத் தேய்க்கவும் பழகியிருக்கிறார்களே, அதுவும் என்னைப் பொறுத்தவரை ஒரு கோபுரம்தான். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

எட்டாம் நாள் தையல் பிரிக்கத் திரும்பவும் போனோம். அதுதான் தீர்ப்பு நாள். முன்பு வலது பக்கத்தில் இந்த நேரத்துக்கெல்லாம் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. மாமா வெளியிலேயே நின்றுவிட்டார். நான் விடவில்லை. முதல் வரிசையில் போய் நின்றேன். சிஸ்டர் கட்டைப் பிரித்தார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, ஈரம் இல்லை. புதுப் பையின் ஜிப் மாதிரி நேரான ஒரு கோடு. "பாருங்க" என்றார் சிஸ்டர். அப்பா பார்த்தார். நான் பார்த்தேன். கண் இமைக்காமல் பார்த்தேன்.

கனமான கயிற்றை ஆறு வாரம் தொடக்கூடாது என்றார் டாக்டர். தள்ளிப்போன ஒரு வாரத்தால், படகுகள் கிளம்பிய அன்று அப்பா கரையில்தான் நின்றார். முதலாளி வயிற்றைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், "ஒரு வாரந்தானே? கரையில வலைய சரி பண்ணு, எடம் எங்கியும் போவாது" என்றார். போன திங்கட்கிழமை அப்பா கடலுக்குப் போய்விட்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலை ஐந்தரை பஸ்ஸே நல்லது, ஏழு மணிக்குள் சேர்ந்துவிடலாம். கூட வருகிறவர்கள் பஸ் நிலையத்துக்கு அருகில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடுங்கள், ஆபரேஷன் ஆள் முன்னால் சாப்பிடாதீர்கள், பாவம். எந்த ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் வீட்டில் பிளேடு போடாதீர்கள். வெட்கமாக இருந்தால் வெட்கமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், திரை போட்டு ஆண் ஊழியரை அனுப்புவார்கள். அப்பா அதைக் கேட்கத் தெரியாமல்தான் ஒரு வாரத்தை இழந்தார். சோப்புப் போட்டுக் குளியுங்கள். சக்கரை இருந்தால் மறைக்காதீர்கள். காயத்தில் வீட்டு வைத்தியம் எதுவும் வைக்காதீர்கள், கட்டை நீங்களாகப் பிரிக்காதீர்கள். நோயாளியைத் தொடும் முன் கை.

இனி அந்த வீரப் பதக்கம்.

தையல் பிரித்த அன்று முதல் வரிசையில் நின்றேன் என்று எழுதினேன் அல்லவா? நின்றது உண்மை. சிஸ்டர் அப்பாவின் காயத்துக் கட்டின் ஒரு மூலையைத் தூக்கியதும் உண்மை. அதற்குப் பிறகு நான் பார்த்தது கூரையின் மின்விசிறியை, தரையிலிருந்து. விழும்போது கட்டில் கம்பியில் நெற்றி இடித்துக்கொண்டது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, ஜிப் மாதிரி கோடு, எல்லாம் அப்பா பிறகு சொன்னது.

சிஸ்டர் என் நெற்றியைத் துடைத்து, சின்னப் பிளாஸ்திரி ஒட்டி, "தொடாத, நனைக்காத, எதையும் தடவாத" என்றார். நானும் தலையாட்டினேன். அப்பாவின் மகன் அல்லவா. ஊர் வந்ததும் நண்பர்களுக்குக் காட்ட ஏழெட்டு முறை பிரித்தேன். கழுவாத கையால். உப்பனாற்றில் குதித்தேன். அரித்தபோது மாமாவைக் கேட்டேன், அவர் காப்பித்தூளை அப்பச் சொன்னார், அப்பினேன். (மீசைக்குப் பழிவாங்கினாரோ என்று இப்போதும் சந்தேகம்.) நாலாம் நாள் நெற்றி புடைத்துச் சீழ் வைத்தது. எங்கள் வீட்டில் இந்த முறை காயம் கெட்டது ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இல்லை, கூட மூட்டை தூக்கப் போனவனுக்கு.

மறுபடியும் சிதம்பரம். மறுபடியும் பதினான்கு ரூபாய். கூட்டிப்போனது அப்பா. வார்டு வாசலில் நான் தலைகுனிந்து நுழைந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "தம்பி, கை." அதுவும் அப்பாதான்.

ஸ்டெல்லா சிஸ்டர் சுத்தம் செய்து மருந்து வைத்து ஒட்டினார். நான் மெதுவாகக் கேட்டேன், "சிஸ்டர், இதுக்கும் அந்தச் சுவத்துல பொட்டு வப்பீங்களா?"

"இது ஆபரேஷன் இல்ல. எங்க கணக்குல வராது" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, என் பிளாஸ்திரியின் நடுவிலேயே ஒரு பொட்டு வைத்தார்.

முதுநகர் வரை நாற்பது கிலோமீட்டரும் அதோடுதான் வந்தேன். அப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.